வரப்புத் துவரைக்கு இங்கிலீஷ்

போன வாரம் கும்பகோணத்தில் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். தையற்காரர் மிஷினைச் சாய்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், அளவு ரவிக்கையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "ஏம்மா, கழுத்து எவ்ளோ எறக்கணும், சொல்லுங்க" என்று அவர் மூன்று தடவை கேட்டாராம். நான் அங்கே இருந்தால்தானே? ஒரு மாடியில், பன்னிரண்டு டைப்ரைட்டர்கள் ஒரே நேரத்தில் பொரிந்துகொண்டிருந்த இன்ஸ்டிடியூட்டில் இருந்தேன். டைப்ரைட்டருக்கும் அதே எண்ணெய்தான் விடுவார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, திருப்பனந்தாளுக்குப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். இங்கிலீஷ் மேல் அப்படியொரு வெறி. மேடையில் அடுக்குமொழி கேட்டு வளர்ந்த காது. வார்த்தை என்றால் அது முழங்க வேண்டும். சின்ன வார்த்தைகளை நான் மதிப்பதே இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு பெரிய வார்த்தையும் அர்த்தமும் எழுதிக்கொள்வேன். ஊர் போய்ச் சேருவதற்குள் மனப்பாடமாகிவிட வேண்டும். சேர்ந்த டிக்கெட்டுகளை அம்மா ஒருநாள் குப்பை என்று அடுப்பில் போட்டுவிட்டாள். நான் விடவில்லை. அத்தனை வார்த்தைகளையும் அவள் எதிரே நின்று ஒப்பித்தேன். அவள் பாட்டுக்குக் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மிஷினில் பிலோமினா. கோவாக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். உரக் கம்பெனி வேலைக்கு வந்த அண்ணனோடு கும்பகோணம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டிலும் பள்ளியிலும் அவள் முதலில் பேசியது போர்த்துகீஸ். கோவா இந்தியாவோடு சேர்ந்தபோது படிப்பு பாதியில் இங்கிலீஷுக்கு மாறியது. நான் தொண்டை வறளப் படித்ததெல்லாம் அவளுக்குச் சும்மா வந்தது. ஃபெலிசிட்டி என்பேன், வெலாசிட்டி என்பேன். "இது எங்க வீட்டு வார்த்தை. வால் மட்டும் வேற" என்பாள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஆனால் சேறு, களை, பதர் என்று சின்னதாக ஒன்றை இங்கிலீஷில் கேட்டால் முழிப்பாள். போதாக்குறைக்குத் தமிழிலும் பங்கு கேட்பாள். "ஜன்னல், சாவி, அலமாரி, எல்லாம் எங்க போர்த்துகீஸ் வார்த்தை. எப்போ திருப்பித் தருவீங்க?"

"மொதல்ல நீ தின்ன சோத்தத் திருப்பிக் குடுடி" என்பேன்.

அந்த வருஷம்தான் எங்கள் நிலத்துக்கு வழக்கு. தாத்தா பண்ணையாளாகவே இருந்து செத்தவர். அப்பாதான் பெரிய வீட்டாரின் ஐந்து மா நிலத்தை முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்து உழுதார். ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. எழுத்து எதுவும் இல்லை, எல்லாம் வாய்ச்சொல். குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும் பெரிய வீட்டார் விழித்துக்கொண்டார்கள். அவன் கூலியாள்தான், குத்தகைக்காரன் இல்லை என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கும்பகோணத்தில் தோற்றோம். மெட்ராஸில் அப்பீல். அதிலும் தோற்றால் அப்பா அந்த வயலில் கால் வைக்க முடியாது. அவருடைய சாட்சியத்தை இங்கிலீஷில் மாற்றி அனுப்ப வேண்டும் என்றார் எங்கள் வக்கீல்.

"நான் பண்றேன் சார்" என்றேன். யார் கேட்டார்கள் என்னை?

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பண்ணு. சரியா இருந்தா நான் கையெழுத்துப் போடுறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும்."

மூன்று நாள் நானும் பிலோமினாவும் அகராதியைப் பிழிந்தெடுத்தோம். 'வரப்புல தொவர போட்டேன்' என்று அப்பா சொன்னதை, நிலத்தின் பெரிஃபெரியில் துணைப்பயிர்கள் அபிவிருத்தி செய்யப்பட்டன என்கிற தோரணைக்கு ஏற்றிவிட்டோம். பெரிஃபெரி அவள் உபயம். அதை டைப் அடித்தபோது எனக்குப் புல்லரித்தது.

புதன்கிழமை வக்கீல் ஒரு பக்கம்தான் படித்தார். "ஏம்மா, இதுல உங்கப்பா எங்க இருக்காரு?"

"சார்?"

"இதெல்லாம் யாரு வேணாலும் பண்ணியிருக்கலாம். சர்க்கார் பண்ணை ரிப்போர்ட் மாதிரி இருக்கு. எதிர்த்தரப்பு சொல்றதும் அதானே? உங்கப்பாவுக்கும் நெலத்துக்கும் சம்பந்தமில்லேன்னு." காகிதங்களை என் பக்கம் தள்ளினார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

படியிறங்கும்போது அழுகை முட்டியது. அழ நேரமில்லை. கூட வந்திருந்த பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய வார்த்தை நான் குடுத்தேன். தப்பு எனக்கும். சின்ன வார்த்தை உங்க ஊர்ல இருக்கு. நாளைக்கு நான் வரேன்."

வந்தாள், பூப்போட்ட கவுனும் குதிகால் செருப்புமாக. மார்கழி, சம்பா கதிர் தலைசாய்ந்து நின்றது. வரப்பில் நாலடி வைத்ததும் சறுக்கி முழங்கால் வரை வயலுக்குள் போய்விட்டாள். "காலு உள்ள போவுது! காலு போவுது!"

"செருப்பக் கழட்டிட்டு வா தாயி" என்றார் அப்பா. "அது ஒண்ணும் முழுங்கிடாது."

சேற்றில் நின்றபடியே அவள் கேட்டாள். "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"மட்."

"அவ்ளோதானா?" என்றாள், ஏமாற்றத்தோடு.

வரப்பு நெடுக மஞ்சளாய்த் துவரை பூத்திருந்தது. வக்கீல் மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு கேட்டேன். "தொவர எதுக்குப் போட்டீங்க?"

"என்ன கேள்வி புள்ள இது? வூட்டுக்குக் கொழம்பு வாணாமா? கூலிக்குப் போறவன் எவனாவது அடுத்தவன் வரப்புல தொவர போட்டு, அத வூட்டுக்கும் எடுத்தாருவானா? ஒதச்சு அனுப்ப மாட்டாங்க?"

எனக்குச் சுரீர் என்றது. இதையேதான் அவர் கூண்டிலும் சொல்லியிருந்தார். தமிழ்ச் சாட்சியத்தில் வரி பிசகாமல் இருந்தது. நான்தான் அதைப் பெரிஃபெரிக்குள் புதைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்டிடியூட் கதவு திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். அப்பா பேசுவதாகவே நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். நான் சேற்றில் நின்றேன். என் வீட்டு விதைநெல்லை விதைத்தேன். வரப்பில் துவரை போட்டேன். என் பெண்சாதி அதைக் குழம்பு வைத்தாள். எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பாடம் போல. துவரைக்கு அகராதியில் இருந்த பெயர் இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. துவரை என்றே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, பக்கத்தில் பருப்பு வகை என்று போட்டோம். வக்கீல் இரண்டு தடவை படித்தார். "ம்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

தீர்ப்பு வர இரண்டு வருஷம் ஆயிற்று. அப்பா குத்தகைக்காரர்தான் என்று சொல்லிவிட்டார்கள். நகலை நான் படித்து முடித்ததும், "இதுல நான் சொன்னது எங்க இருக்கு?" என்று கேட்டார் அப்பா. அவர் விரலைப் பிடித்து ஒரு இடத்தில் வைத்தேன். நீதிபதியும் துவரை என்றே எழுதியிருந்தார்.

"அட! மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கு பாரேன்" என்றார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

அதைச் சொல்லப் பிலோமினா ஊரில் இல்லை. அண்ணனோடு லிஸ்பன் போயிருந்தாள். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் இல்லை. இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். தீர்ப்பு நகலைக் கரையான் தின்றுவிட்டது. வயலைத் தம்பி மகன் பயிர் செய்கிறான். அறுவடை மிஷின் திரும்ப இடம் வேண்டுமென்று வரப்பை ஒட்டச் சீவிவிட்டான். துவரம்பருப்பு பாக்கெட்டில் வருகிறது. அது யாருடைய வயல் என்று இப்போது அவனை ஒருவரும் கேட்பதில்லை.