லெகெண்டேயில் இல்லாத பொட்டு

“…நீலம் நடக்கிற வேலை, பச்சை முடிந்த வேலை, அதெல்லாம் சரி. இந்தச் சிவப்புப் புள்ளி என்ன? லெகெண்டேயில் இல்லையே. தாமதமா?” என்று சுவரில் தொங்கிய திட்ட அட்டவணையைக் காட்டிக் கேட்டார் கெர்லாக் அம்மையார். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இயந்திரம் செய்யும் எங்கள் நிறுவனத்தில் அவர்தான் என் மேலதிகாரி.

லெகெண்டே என்பது அட்டவணையின் கீழ் ஓரத்தில், எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று சொல்லும் சின்னக் கட்டம். அதில் விளக்கம் இல்லாத எதையும் இந்த ஊரில் படத்தில் வைக்கக் கூடாது. அன்று வாடிக்கையாளர்கள் வேறு வருகிறார்கள். தாமதம் இல்லை, அட்டவணைக்குப் பூஜை போட்டேன் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “பிரார்த்தனை செய்ய வேண்டிய நிலையிலா இருக்கிறது நம் திட்டம்?” என்றார். அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அந்தப் பொட்டு எப்படி வந்தது என்று சொன்னால்தான் உங்களுக்கும் புரியும்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு வேலையையும் ஒரு கோடாகக் காட்டும் பார் சார்ட்டை நானே போடக் கற்றுக்கொண்டு சுவரில் ஒட்டினேன். அப்போதுதான் முதன்முதலாக ஒரு பெரிய பிரஸ் மெஷின் ஆர்டர் வந்திருந்தது. தேதி தவறினால் அந்தக் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். ஃபோர்மேன் ஏகாம்பரம் ஆவடிக்குப் பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டைக்காரர். தினமும் அவரிடம் போய், “அண்ணாத்தே, முடிஞ்சுதா?” என்பேன். “ஆயிடும் நைனா” என்பார். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் ஆயிடும்தானே? அதை நம்பி நானும் வண்ணம் அடித்துக்கொண்டே போனேன். படம் அழகாக வளர்ந்தது, மெஷின் வளரவில்லை. “மெஷின் வேலை நடக்குதோ இல்லியோ, செவுத்துல கோலம் சோக்கா கீது” என்று லேத் ஓட்டும் மணி கேலி செய்தான். நான் வேலை செய்கிறவன் இல்லை, படம் போடுகிறவன் என்பதுதான் அதற்கு அர்த்தம். சுருக்கென்று தைத்தது.

ஒருநாள் கேள்வியை மாற்றினேன். “அண்ணாத்தே, எதுக்காகக் காத்துகினு கீறீங்க?” ஏகாம்பரம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “காஸ்டிங் வரல நைனா. அது வந்தாதான் லேத்து, லேத்து முடிஞ்சாதான் மத்ததெல்லாம்.” வண்ணத்தை அழித்துவிட்டு, ஒவ்வொரு கோட்டின் மேலும் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதினேன். எல்லாக் கோடும் அந்த ஒரு காஸ்டிங்கில் போய் நின்றது. ஏகாம்பரம் அதைப் பார்த்த கையோடு பூந்தமல்லியில் இருந்த வார்ப்படப் பட்டறைக்கு மணியின் ஸ்கூட்டரில் ஏறிப் போய், வாசலிலேயே உட்கார்ந்து காஸ்டிங்கை வாங்கி டெம்போவில் ஏற்றி வந்தார். அதன்பிறகு காலையில் டீ கிளாஸோடு அவரே சார்ட் முன்னால் வந்து நிற்பார். சொன்ன தேதியில் மெஷின் லாரி ஏறியது.

அந்த வருடம் ஆயுத பூஜையில் லேத், ட்ரில், சுத்தியல் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த ஏகாம்பரம் சார்ட் முன்னால் நின்றார். “பேப்பருக்கு எதுக்கு அண்ணாத்தே பொட்டு?” என்றான் மணி. “ஒன் லேத்துக்கு வெச்சப்போ நீ கேட்டியா? இதுவும் நம்ம கூடத்தான்டா வேல செஞ்சுது. அப்பால போ” என்று சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தார். எனக்கே பொட்டு வைத்ததுபோல நிமிர்ந்து நின்றேன். சார்ட் போட்டால் எந்த வேலையும் தானாக முடிந்துவிடும் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதினால் அதுவும் ஓர் ஆயுதம்தான். ஆவடியிலிருந்து கொண்டுவந்த குங்குமத்தில் ஒரு சிட்டிகை ஒவ்வோர் ஆண்டும் இங்கே சுவரேறுவது அதனால்தான்.

இவ்வளவையும் என் அரைகுறை ஜெர்மனில் சொல்லி முடித்தேன். கெர்லாக் அம்மையார் பொட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பட்டறை இருந்த ஊரின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். சிவப்புப் பேனாவை எடுத்துக் குனிந்து, லெகெண்டேயில் நீலத்துக்கும் பச்சைக்கும் கீழே வட்டமாக ஒரு புள்ளி வைத்து, அதற்கு நேரே ‘அம்பத்தூர்’ என்று எழுதினார்.