அண்ணன் வண்டியில் பெண் அழைப்பு

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் தெருவில் ஒரு சின்ன ரகளை. ரகளை பண்ணியது நான்தான். எதிர்வீட்டுக்காரர் காரின் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, தோட்டத்துக் குழாயை இன்ஜின்மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான், “ஐயையோ, உள்ள ஊத்தாதீங்க! மூடுங்க, மூடுங்க!” என்று கத்திவிட்டேன். மனிதர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று காலடியைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, “இந்தக் காலத்து வண்டிக்கு ஒண்ணும் ஆகாது மேடம்” என்று சிரித்தார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. கார் கழுவுவதைப் பார்த்து அழுகிற பொம்பளையை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார், பாவம். என் வீட்டுக்காரர் போய் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். நடவு, களை, அறுப்பு என்று அடுத்தவர் கழனியில் குனிந்த முதுகு நிமிராமல் அம்மா எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். அண்ணன் பெயர் ஏழுமலை. அம்மா வாயில் ஏயுமல. யார் யாருக்கோ டிரைவராக ஓடி, கடைசியில் எவரோ ஓட்டி ஓய்ந்துபோன ஒரு டீசல் அம்பாசிடரைச் சொந்தமாக வாங்கி, வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான். எங்கள் தெருவில் மாடு கட்ட இடம் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர்தான். அங்கே ஒரு கார்! வேப்பமரத்தடியில் அது நின்ற முதல் நாள் அம்மா அதைச் சுற்றிச்சுற்றி வந்து, “இன்னாடா இது, நம்ம வூட்டவிட பெருசா கீது” என்றாள். உண்மையில் பெரிதாகத்தான் இருந்தது.

“பெண் அழைப்புக்கு நீ என் வண்டியிலதான் மண்டபத்துக்குப் போவணும். வேற எவன் வண்டியிலயும் உன்ன ஏத்தமாட்டேன்” என்று அண்ணன் என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். நான் அப்போது பத்தாம் வகுப்பு. “மாப்பிள்ளை யாருண்ணா?” என்று கேட்டுத் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் இன்ஜினுக்குக் காற்றுப் போகிற வழியில் இருக்கும் பில்டரைக் கழற்றி டீசலில் ஊறவைத்தான். எலி புகுந்துவிடப்போகிறது என்று திறந்திருந்த அந்த வாயில் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அடைத்தான். “ஒரு மாரி கீதும்மா” என்று உள்ளே வந்து படுத்தான். மறுநாள் கண் மஞ்சளாக இருந்தது. காமாலை. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள், உப்பில்லாமல் பத்தியம் போட்டாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தெளிவதுபோல் இருந்து, திடீரென்று நினைவு தப்பிப்போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்ப வந்தது அண்ணன் இல்லை.

அதற்குப் பிறகு வண்டியை யாரும் தொடவில்லை. கேட்டு வந்தவர்களை அம்மா விரட்டினாள். கோழி சீட்டுக்கடியில் முட்டை வைத்தது, டயர்கள் மண்ணோடு ஒட்டின. ஆனால் ஆயுத பூஜை வந்தால் மட்டும் அம்மாவைப் பிடிக்க முடியாது. தானே முன்னால் நின்று பானெட்டைத் திறந்து, குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றி இன்ஜினைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பாள். “இன்ஜின்தாம்மா சாமி, மேல கீற பெயிண்ட்டு இன்னா பெயிண்ட்டு” என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருப்பான். அந்தச் சாமிக்குத்தான் அபிஷேகம். நான் எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுப்பேன். எங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் சேர்ந்தேன். விடியற்காலையில் கம்பெனி பஸ். ‘நான் கார் செய்கிறேன்’ என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். நான் செய்தது என்னவென்றால், வரிசையில் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே இடத்தில் ஒரே போல்ட்டை முடுக்குவது. மிச்சக் கார் எப்படி இருக்கும் என்று கம்பெனி காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கல்யாணம் கூடிவந்தது. தாம்பூலம் மாற்றிய அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள்: “ஏயுமல வண்டியிலதான் எம்பொண்ணு போவும்.”

சாலவாக்கத்திலிருந்து சம்பத் அண்ணனை வரச்சொன்னோம். அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். டிராக்டர் ஓட்டுவார், ரிப்பேரும் பார்ப்பார், வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். “டிராக்டருக்கும் காருக்கும் இன்னா வித்தியாசம்? அதுல ரெண்டு சக்கரம் பெருசு, அவ்ளோதான்” என்று சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டினார். என்னைப் பார்த்து, “கார் கம்பெனி மேனேஜரு, நீ போல்ட்டு கழுவு” என்றார். ரேஷன் மண்ணெண்ணெயில் கழுவினேன். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று மாறிப்போகாமல் இருக்க இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “அடிப்பாவி, அதுல இனிமே எப்டிடீ இட்லி ஊத்துறது?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். எத்தனை தேய்த்தும் இட்லியில் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை. கல்யாணம் வரை தோசைதான் நாஷ்டா.

முதல் நாளே இன்ஜின் சுற்றவில்லை. சம்பத் அண்ணன் முன்னால் ஹேண்டில் போட்டுத் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. அப்போதுதான் அந்தத் துண்டு அவர் கண்ணில் பட்டது. உருவி எடுத்து மோந்து பார்த்தார். “இன்னா பாப்பா இது? இத்தினி வருசம் கெடந்த துண்டு, தோச்சி மடிச்சி வெச்ச மாரி கீது.”

“நான்தான் நைனா தோய்ப்பேன்” என்றாள் டீ கொண்டுவந்த அம்மா, பெருமையாக. “பூசை அன்னிக்கு எடுத்துட்டு, நல்லா கழுவிவுட்டு, தோச்சிக் காயவெச்சி, ஏயுமல வெச்ச எடத்துலயே திரும்ப வெச்சிடுவேன்.”

சம்பத் அண்ணன் டீயை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்தது. துண்டை எடுத்துவிட்டுத் திறந்த வாயில் குடம் குடமாக ஊற்றியிருக்கிறாள். அத்தனையும் நேராக இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. மேல் மூடியை, அதாவது ஹெட்டை, கழற்றியபோது உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை. சிலிண்டர் முழுக்கத் துரு, பிஸ்டன்கள் சுவரோடு சுவராக இறுகிக் கிடந்தன.

“இன்னா நைனா, தண்ணி பூந்துக்கிச்சா?” என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

“மழைம்மா. மழைத் தண்ணி.”

“மூடிதானே கெடந்துச்சி. மழை எப்டி உள்ள பூரும்?”

எட்டூருக்குக் கேட்கிற அந்த வாய் திறக்கவில்லை. அம்மா துண்டைப் பார்த்தாள், இன்ஜினைப் பார்த்தாள். “நான் ஊத்தினதா?” என்றாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “ஒழுங்கா பாத்துக்கினு கீறேன்னுதானே நெனச்சேன்” என்றாள். பிறகு, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: “அவனையும் இப்டித்தானே பாத்தேன். வூட்லயே வெச்சிக்கினு, கீயாநெல்லி அரச்சி அரச்சி ஊத்தினேனே. அதுவும் நான்தானா?”

அன்றைக்கு நான் அழுத அழுகை அண்ணன் செத்தபோதுகூட அழவில்லை. இத்தனை வருஷமும் அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல், பிள்ளையைக் கடைசிவரை கண்ணுக்குள் வைத்துப் பார்த்தோம் என்பதுதான். அது போய்விட்டது. அதன்பிறகு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வண்டிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள்.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அந்த இன்ஜினோடு மல்லுக்கு நின்றது பெண் அழைப்புக்காக இல்லை. அது ஒரு தடவை ஓடினால் போதும், அம்மா ஊற்றிய தண்ணீர் அதைக் கொல்லவில்லை என்று ஆகிவிடும். சம்பத் அண்ணன் சிலிண்டர்களில் டீசலும் ஆயிலும் நிரப்பி ஊறவிட்டார். கட்டை வைத்துத் தட்டினார். வெயிலில் முதுகு கொப்பளித்தது. “பேஜாரு புடிச்ச வண்டி” என்று திட்டுவார், உடனே பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் ஷிப்ட் முடிந்து வந்து உப்புத்தாளை வைத்துத் துருவைத் தேய்ப்பேன். மருதாணி வைக்கவேண்டிய கை கருப்பாக இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் அங்கலாய்த்தார்கள்.

கல்யாணம் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பத் அண்ணன் டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து கட்டி முடுக்கினார். தும்மியது. இருமியது. கரும்புகையைத் தெருவெல்லாம் கக்கிக்கொண்டு, சத்தியமாகச் சொல்கிறேன், ஓடியது! நான் குதித்தேன். சம்பத் அண்ணன் “டேய் ஏயுமல!” என்று கத்தினார். ஒரு டீ ஆற்றிக் குடிக்கிற நேரம் ஓடியிருக்கும். பிறகு உள்ளே என்னவோ முறிந்தது. டங்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. ஹேண்டிலைப் போட்டுப் பார்த்துவிட்டு, “செத்துப்போச்சி பாப்பா. இனிமே எந்திரிக்காது” என்றார்.

களையெடுக்கப் போயிருந்த அம்மா அப்போதுதான் தெருவில் நுழைந்தாள். புகை இன்னும் கலையவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

“ஓடிச்சிம்மா!” என்றார் சம்பத் அண்ணன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. “தண்ணியால ஒண்ணும் ஆவல. கல்யாணத்துக்குப் பாரு, எப்டி ஓடுதுன்னு.”

“நெசமாவா?” என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

“நெசமா ஓடிச்சிம்மா” என்றேன். அது பொய்யில்லையே. அன்றைக்கு அம்மா இரண்டாவது முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

பெண் அழைப்பு அன்று மத்தியானம் சம்பத் அண்ணன் டிராக்டரோடு வந்தார். டிராக்டருக்கு இரண்டு பக்கமும் வாழைமரம், மேலே ஒலிபெருக்கி. டயர்களுக்குக் காற்றடித்து, காரின் முன்பக்கத்தை டிராக்டரோடு வடக்கயிறு போட்டுக் கட்டி, கயிறு தெரியாமல் கலர்த்தாளும் மாவிலையும் சுற்றியிருந்தார். “ஊர்வலம்னா முன்னாடி டிராக்டரு போவணும்மா, அதான் இப்ப பேசனு” என்று அம்மாவிடம் அளந்தார். அவருடைய தம்பி டிராக்டரில், அவர் காரில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் அம்மா, பின்னால் பட்டுப்புடவையில் நான். ஒலிபெருக்கி காது கிழியப் பாடியது. டிராக்டர் இழுக்க இழுக்க வண்டி நகர்ந்தது. ஏரெடுத்து உழுவதற்குப் போவதுபோல் நான் வந்தேன் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கேலி பேசுவார்.

ஏரிக்கரை ஏறியதும் ஒரு புளியங்கிளை ஒலிபெருக்கி ஒயரைப் பிய்த்துவிட்டது. பாட்டு பட்டென்று நின்றது. கரை இறக்கம் என்பதால் தம்பி டிராக்டர் இன்ஜினையும் நிறுத்திவிட்டார். காருக்குள் பேரமைதி. டயர் மண்ணில் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. சம்பத் அண்ணன் கழுத்தில் வேர்வை வழிந்தது. திரும்பிப் பார்க்கவே அவருக்குத் தைரியம் இல்லை.

அம்மா எதிரே இருந்த டாஷ்போர்டை மெல்லத் தடவினாள். “ஏயுமல ஓட்னாலும் இப்டித்தான் நைனா” என்றாள். “வண்டி ஓடற சத்தமே தெரியாது.”

சம்பத் அண்ணன் அப்படியே உடைந்து அழுதார். ஸ்டியரிங்கை விடாமல், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷம் அவருக்கு. ஆரத்தி எடுக்க மண்டப வாசலில் இறங்கியபோது, அம்மா என் மாலையைச் சரிசெய்கிற சாக்கில் காதருகே குனிந்தாள். “சம்பத்துகிட்ட எதுவும் சொல்லிடாத கண்ணு. எனக்குத் தெரிஞ்சிக்கிச்சின்னு தெரிஞ்சா அது தாங்காது. ரொம்பப் பாடுபட்டுச்சி.” நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு எல்லாரையும் வரவேற்கப் போய்விட்டாள்.

அதன்பிறகு அம்மா அதிக காலம் இருக்கவில்லை. வண்டியை இரும்புக்கடைக்காரர்கள் துண்டு துண்டாக வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடும் இல்லை, வேப்பமரமும் இல்லை. அந்த மனையில் இன்று யாரோ கடைகள் கட்டியிருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் சாலவாக்கத்தில் இறங்கி சம்பத் அண்ணனைப் பார்ப்பேன். வயதாகி, அந்தப் பெரிய வாய் அடங்கிப்போன பிறகும், என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே கேட்பார்: “அம்மா அன்னிக்கி நம்பிச்சி இல்ல பாப்பா? வண்டி ஓடுதுன்னு நம்பிச்சிதானே?”

“நம்பினாங்கண்ணா” என்பேன்.

போன தை மாதம் அவரும் போய்விட்டார். அந்தப் பொய்யைக் கேட்க இனி எனக்கு யாருமில்லை.