ஏகாதசிக் காய்ச்சல்

என் மகளுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையில் இரண்டை, முதலில் நான் விழுங்கிப் பார்த்தேன். விஞ்ஞான மனப்பான்மை என்று அப்போது நினைப்பு. சாயங்காலம் வரை கொல்லைப்பக்கத்திலிருந்து வர முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். ஆறு வயதுப் பெண்ணுக்கு ஒன்றுவிட்டு ஒரு ஏகாதசியை ஒட்டி அனலாகக் காய்ச்சல் வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள், ஆகாரம் இறங்காது. மூன்றாம் நாள் சொல்லாமல் போய்விடும். மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. எதிர்வீட்டு மாமி மட்டும் காரணம் கண்டுபிடித்திருந்தார்: "பூர்வ ஜென்ம வாசனை. இந்த வயசிலேயே உபவாசம் இருக்கு பாருங்கோ."

புத்தூரில் குழந்தைகள் டாக்டர் மழுப்பவில்லை. "பெரியவங்களுக்குக் கால் கட்டைவிரல் வீங்கினா குடுக்கிற மாத்திரைங்க இது. இப்படித் திரும்பத் திரும்ப வர்ற காய்ச்சலுக்கும் வெளிநாட்டுல குடுத்துப் பாக்குறாங்க. நாமளும் பாப்போம். தினம் பாதிதான். வயித்தால போனா நிறுத்திட்டு உடனே தூக்கிட்டு வாங்க."

அந்தப் 'பாப்போம்' பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டியும் என்னை விடவில்லை. அதனால்தான் என் சோதனை. முடிவில், இது விஷம், கொடுக்கக் கூடாது என்று அறிவித்தேன்.

"நீங்க முழுசா ரெண்டு முழுங்கினேள். அவளுக்குப் பாதி," என்றாள் மனைவி. பிளேடால் மாத்திரையை நறுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தாள்.

கோயிலுக்குப் போகாதவன் பஞ்சாங்கம் பார்க்க ஆரம்பித்தேன். காய்ச்சலுக்குரிய ஏகாதசி வந்தது. காலையிலிருந்து அவள் நெற்றியைவிட்டு என் கை நகரவில்லை.

"கையை எடுப்பா, வேர்க்கறது."

தெர்மாமீட்டர் காய்ச்சல் இல்லை என்றுதான் காட்டியது. அதை நம்பாமல் என் வாயிலும் வைத்துப் பார்த்தேன். மத்தியானம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அம்மா, பசிக்கறது. ரசம் சாதம் வேணும்."

ஏகாதசியன்று எங்கள் வீட்டில் சாதம் வடிக்கிற வழக்கமில்லை. மனைவி அரிசியைக் களைந்தாள். குழந்தை இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் மறுநாளும் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை.

வாசலில் மாமியைப் பார்த்ததும் பெருமையாகச் சொன்னேன். மாமி குழந்தையை ஏற இறங்கப் பார்த்தார்.

"நன்னா விரதம் இருந்துண்டிருந்த குழந்தை. மாத்திரையைக் குடுத்துக் கெடுத்துட்டேளே."