பெல்ட்டை இழுத்துக் கட்டச் சொன்னவர்

கல்கத்தா நியூ டவுனில் என் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு ஜிம் இருந்தது. காலை நேரங்களில் அந்த இளைஞரை அங்கே பார்ப்பேன். இருபது வயதுக்கு மேல் இருக்காது. ஒல்லியான உடம்பு, தோள்கள் மட்டும் அப்போதுதான் அகலத் தொடங்கியிருந்தன. நான் வீட்டுக்குப் போனில் பேசியதைக் கேட்டு, "அண்ணா, தமிழா?" என்று அவராகவே வந்து கேட்டார்.

எடை தூக்கும் முன் தோல் பெல்ட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பது அவர் வழக்கம். எடை எதுவும் மாட்டாத வெறும் கம்பியைத் தூக்கும் நாளிலும் அப்படித்தான்.

"கொஞ்சம் இழுத்துக் கட்டி விடுங்கண்ணா."

கட்டி முடிப்பதற்குள் மழை, மெஸ் சாப்பாடு, ரயில் டிக்கெட் என்று நாலு வார்த்தை பேசிவிடுவோம். கல்கத்தாவில் எனக்குத் தமிழில் பேச வேறு ஆள் இல்லை.

ஒருநாள் எல்லாம் தெரிந்தவன் போலச் சொன்னேன். "இந்த வெயிட்டுக்கு பெல்ட் எதுக்கு தம்பி? இந்த வயசுல அது இல்லாமத் தூக்கிப் பழகணும். அப்பதான் வயிறும் முதுகும் பலமாகும்."

"தெரியும்ணா. கோச் முதல் நாளே சொல்லிட்டார்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து பெல்ட் இல்லாமல் வந்தார். மூலையில் தனியாக நின்று, முதுகு வளையாமல், நிதானமாகத் தூக்கினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். நானாவது போய்ப் பேசியிருக்கலாம். எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை.

துர்கா பூஜை விடுமுறைக்குப் பிறகு அவர் வரவே இல்லை. பெயர்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. நான் சொன்னது சரியான யோசனைதான். ஆனாலும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றே இன்றும் தோன்றுகிறது.