லிட்டருக்குப் பதினாலு

மந்தாரக்குப்பம் ஷெட்டில் போய் ராஜாங்கம் என்று கேட்டால், "எந்த ராஜாங்கம், மைலேஜ் ராஜாங்கமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பட்டம் சும்மா வந்ததல்ல. ஒரு கான்ட்ராக்டருக்குச் சொந்தமான பதினோரு பிக்கப் வண்டிகள் அந்த ஷெட்டிலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்கு வாடகைக்கு ஓடுகின்றன. இரண்டு வரிசை சீட்டில் ஃபிட்டர்களும் எலெக்ட்ரீஷியன்களும் உட்கார, பின்னால் தொட்டியில் அவர்களுடைய ஸ்பேனரும் சங்கிலியும் கிரீஸ் டப்பாவும் கிடக்கும். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, மூன்று ஷிஃப்டும் அதுதான் ஓட்டம். விளம்பரத்தில் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். அந்தப் பதினாறைக் கண்ணால் கண்டவன் இந்த ஷெட்டில் ஒருத்தன் இல்லை. சுரங்கத்துச் சேற்றிலும் ஏற்றத்திலும் பத்து வந்தாலே டிரைவர் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். ராஜாங்கம் பன்னிரண்டரை எடுத்தார்.

எப்படி எடுத்தார்? ஏ.சி. பொத்தானைத் தொடவே மாட்டார், தொட்டவன் கையையும் தட்டிவிடுவார். கத்திரி வெயிலில் நாலு ஆளை வேகவைத்துத்தான் கீழே கொண்டுபோய் இறக்குவார். சரிவுப் பாதை வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு வண்டியை உருட்டிவிடுவார். "சொட்டு டீசல் செலவில்ல பாரு" என்பார். அப்படி இறங்கக் கூடாது என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பன்னிரண்டரை வருமா?

ஐம்பத்தொரு வயதுக்கு மனுஷனுக்கு வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள். குடும்பத்தில் சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட் வேலை வாய்த்தது அண்ணனுக்கு. அண்ணன் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், கம்பெனி பஸ் என்று வாழ்கிறார். தம்பிக்குப் பதினேழு வருஷமாக கான்ட்ராக்ட். அண்ணன் வீட்டு விசேஷத்தில் இலைமுன் உட்கார்ந்தால் பாதிச் சோற்றிலேயே இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அவர் முதலாவதாக நின்ற ஒரே இடம் ஷெட் சுவரில் மாதாமாதம் ஒட்டுகிற ஒரு தாள். சூப்பர்வைசர் மாடசாமி, திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பத்து நாளைக்கொரு தடவை ஒவ்வொரு வண்டிக்கும் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, ஓடின கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து எழுதிவைத்து, மாதம் முடிந்ததும் ஒட்டுவார். மூன்று வருஷமாக அதில் முதல் பெயர் ராஜாங்கம்தான்.

அப்புறம் சங்கீதா வந்தாள்.

குறிஞ்சிப்பாடிக்காரி, முப்பத்திரண்டு வயது. அவளும் அவள் புருஷன் அருண்ராஜும் சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து, பண்ருட்டி மண்டியிலிருந்து சென்னைக்குப் பலாப்பழம் ஏற்றினவர்கள். அருண்ராஜுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதும் வண்டி கைமாறிப் போனது. அவள் லைசென்ஸை எடுத்துக்கொண்டு மாடசாமி முன்னால் வந்து நின்றாள். சுரங்கத்துக்குப் பொம்பளை டிரைவரா என்று ஷெட்டே சிரித்தபோது, சிரிக்காதவர் ராஜாங்கம் ஒருத்தர்தான். எந்த வளைவில் சறுக்கும், மழை பெய்தால் எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்று கூடவே உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார். அவளும் வாய்க்கு வாய் அண்ணே, அண்ணே என்றாள். அதெல்லாம் முதல் மாதத் தாள் ஒட்டும் வரைக்கும்தான்.

சங்கீதா, பதினாலு புள்ளி ஒன்று. ராஜாங்கம், பன்னிரண்டு புள்ளி நாலு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எழுத்து மாறவில்லை.  அதைவிட மோசம், அவள் ஏ.சி. வேறு போட்டு ஓட்டினாள்! ஃபிட்டர் அருள் அவர் காதுபடவே சொன்னான், "சங்கீதாக்கா வண்டில ஏறனா ஊட்டிக்குப் போற மாதிரி இருக்குது. நம்ம அண்ணன் வண்டி இட்லிப் பானை." ஷிஃப்ட் மாறும்போது ஆட்கள் அவள் வண்டிக்கு முண்டியடிக்க, அங்கே இடம் கிடைக்காதவர்கள் மட்டும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு ராஜாங்கத்தின் வண்டியில் ஏறினார்கள்.

ஒருநாள் டீக்கடையில் அவளே வந்து சொன்னாள். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. எறக்கத்துல நியூட்ரல் போடறீங்களாமே. கியர்லயே வுட்டுட்டு ஆக்சிலேட்டர்லேந்து கால எடுத்துடுங்க. இந்த இன்ஜினு அப்போ டீசலே குடிக்காது. நியூட்ரல்லதான் குடிச்சிக்கினே வரும். ஆளுங்களுக்காகக் காத்துக்கினு இருக்கறப்போ அணைச்சும் போட்டுடுங்க. சொந்த வண்டில சென்னைக்கும் பண்ருட்டிக்கும் ஓட்டிக் கத்துக்கினதுண்ணே."

நியாயமாகப் பார்த்தால் அங்கேயே காலில் விழுந்து கற்றுக்கொள்ள வேண்டிய சங்கதி. ராஜாங்கம் என்ன செய்தார்? சத்தமாகச் சிரித்தார். "ஏம்மா, நீ பாவாட கட்டிக்கினு திரிஞ்ச காலத்துல நான் ஸ்டியரிங் புடிச்சவன். எனக்கே பாடமா?" என்றார். அவள் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது, உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்.

அந்த வாரத்தில்தான் மாடசாமி புது வண்டிச் செய்தியைச் சொன்னார். சர்வே ஆபீசர்களுக்காகப் புத்தம்புது பிக்கப் ஒன்று வருகிறது. ஜெனரல் ஷிஃப்ட் மட்டும், ராத்திரி டியூட்டி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லீவு. "ரெண்டு மாசம் பாப்பேன். மைலேஜ் யாரு ஒழுங்கா எடுக்காங்களோ அவங்களுக்குத்தான் சாவி. அம்புட்டுதான்."

ராஜாங்கத்துக்கு அன்றிலிருந்து அந்த வண்டியே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், அது இருக்கட்டும். ஆபீசர்களை ஏற்றிக்கொண்டு அண்ணன் குவார்ட்டர்ஸ் வாசல் வழியாக ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்துக்கொண்டு போகவேண்டும். அதற்குக் குறுக்கே நின்றது அந்தப் பதினாலு.

வீட்டில் பெரியநாயகியிடம் புலம்பினார். "அவளுக்குக் குடுத்தது ராசியான வண்டி. வேற ஒண்ணும் இல்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் பெரியநாயகி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே. "ஏங்க, அந்தப் பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சில்ல, அப்டி ஓட்டிப் பாக்கறதுதான?"

"அவ சொல்லி நான் ஓட்டணுமா? அதுக்கு நான் வண்டிய வுட்டே எறங்கிடுவேன்!"

இறங்கவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்றைச் செய்தார்.

ஷிஃப்ட் முடிந்ததும் டிரைவர்கள் டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட உள்ளே போவார்கள். பத்து நிமிஷம் ஆகும். பட்டப்பகலில், ஷூ லேஸ் கட்டுகிறவர்போல ராஜாங்கம் சங்கீதாவின் வண்டிப் பின்சக்கரத்தருகே குந்தினார். வால்வு மூடியைத் திருகி எடுத்து, தீக்குச்சியால் பின்னை அமுக்கினார். புஸ்ஸென்று எட்டுப் பவுண்டு காற்று போனது. அந்தப் பக்கம் இன்னொரு எட்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வண்டி கனத்து இழுக்கும், டீசல் குடிக்கும். முதல்நாள் நாலு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாலாம் நாள் பார்க்கவில்லை.

அவள் இரண்டு நாளைக்கொரு தடவை பஞ்சர் கடை சுபாஷிடம் போய்க் காற்றுப் பிடித்தாள். அவன் டயரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தான், வால்வு பின்னை இரண்டு தடவை மாற்றினான். ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற கதையாக, ராஜாங்கம் அவளிடம் போய் அனுதாபம் வேறு சொன்னார். "என்னாம்மா, மறுபடியும் காத்து எறங்கிடுச்சா? சுபாஷ் பய இப்பல்லாம் வேலைய ஒழுங்கா செய்யறதில்ல."

"ஆமாண்ணே. நீங்கதான் கேக்கறீங்க, வேற யாரு கேக்கறா" என்றாள் அவள்.

மாதம் முடிந்து தாள் ஒட்டினார்கள். சங்கீதா, பதின்மூன்று புள்ளி நாலு. ராஜாங்கம், பன்னிரண்டு புள்ளி ஐந்து. அடப்பாவி மனுஷா, காற்றைப் பிடுங்கியும் அவள்தான் முதல்!  ராஜாங்கம் நேரே மாடசாமி மேஜைக்குப் போனார்.

"சார், அது வண்டியோட ராசி. என் வண்டிய அவகிட்டக் குடுங்க, அவ வண்டிய என்கிட்டக் குடுங்க. பதினஞ்சு நாளு. அப்புறம் பாப்போம்."

மாடசாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்லுதீரா? அதுவே கடைசிக் கணக்கு. அதுக்குப் பொறவு பேச்சு கெடையாது."

"கெடையாது சார்."

வண்டிகளை மாற்றிக்கொண்டார்கள். ராஜாங்கம் முதல் வேலையாக நாலு சக்கரத்துக்கும் சரியாகக் காற்றுப் பிடித்தார். பூப்போல ஓட்டினார். சரிவில் நியூட்ரல், ஏ.சி. கிடையாது, எல்லாம் தன் வழியில்தான். அவளோ அவருடைய வண்டியில் ஏ.சி.யைப் போட்டு ஆட்களைச் சிரிக்கவைத்துக்கொண்டு போனாள். தன் வண்டிக்குள்ளிருந்து அருளின் சிரிப்புச் சத்தம் கேட்டபோது அவருக்குப் பெண்டாட்டியை அடுத்தவன் கூட்டிக்கொண்டு போகிறாற்போல் இருந்தது. ஒன்பதாம் நாள், அவள் கையெழுத்துப் போடப் போன நேரத்தில், தீக்குச்சியோடு தன் பழைய வண்டியின் அருகே குந்தினார். மூடியைத் தொட்டார். ஏழு வருஷம் தான் துடைத்த வண்டி, தானே நின்று பார்த்து மாட்டின டயர். கை வரவில்லை. அடுத்தவள் வண்டி என்றால் வந்த கைதான். எழுந்து போய்விட்டார்.

பதினாறாம் நாள் காலை பதினோரு டிரைவர்களும் ஷெட்டில் கூடியிருந்தார்கள். புது வண்டி வாசலில் மாலையோடு நின்றது. மாடசாமி தாளை ஒட்டவில்லை, வாய்விட்டு வாசித்தார். ராஜாங்கத்தின் வண்டியில் சங்கீதா பதினாலு புள்ளி மூன்று. சங்கீதாவின் வண்டியில் ராஜாங்கம் பன்னிரண்டு புள்ளி ஆறு. கோணல் கூடத்தில் இல்லை என்பது ஊரறியத் தெரிந்துபோனது. மாடசாமி சாவியை அவள் கையில் கொடுத்தார்.

அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். அந்த வண்டில காத்து எறங்கற கோளாறு இருக்குது. சுபாஷக் கேளுங்க, அவனுக்கும் தெரியும். அத அண்ணன்கிட்டக் குடுத்துட்டு, அவரு தோத்துட்டாருன்னு சொல்றது எப்டி நியாயமாவும்? அவருக்கும் எறங்கித்தான் இருக்கும், வெளிய சொல்லாம ஓட்டியிருக்காரு. டயர மாத்திட்டு இன்னும் பதினஞ்சு நாளு அவரு ஓட்டட்டும். இந்தச் சாவி அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

எல்லோரும் ராஜாங்கத்தைப் பார்த்தார்கள். மாடசாமி கேட்டார், "எறங்குச்சாய்யா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புது வண்டி இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மானமும் மிஞ்சும், பழி முழுக்க டயர்மேல் போய்விடும். ராஜாங்கத்தின் வாய் திறந்தது. ஆனால் அந்த ஆமாம் வரவில்லை. நல்ல குணத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓட்டுவதிலும் அவள்தான் முதல், இப்போது பெருந்தன்மையிலும் அவள்தான் முதலா? இவள் போடுகிற பிச்சையிலா நான் ஆபீசர் வண்டி ஓட்டவேண்டும்? அந்த எரிச்சல்தான் பேசவைத்தது.

"எறங்கல" என்றார். "பதினஞ்சு நாளும் ஒரு பவுண்டுகூட எறங்கல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மாடசாமியின் கண் சுருங்கியது.  சங்கீதா நெற்றியைச் சுளித்துக்கொண்டு நின்றாள், கணக்குப் போடுகிறவள்போல. தன்னிடம் இருந்தபோது இறங்கின காற்று, இவரிடம் போனதும் நின்றுவிட்டது. இவர் வண்டி தன்னிடம் இருந்தபோதும் இறங்கவில்லை. தினமும் பக்கத்தில் வந்து நின்று விசாரித்தவர் யார்?

"அண்ணே" என்று தொடங்கினவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு சத்தம் போடாமல்தான் சொன்னாள். "நான் ஒருத்தி மட்டும் அந்த டயர்ல போவல. நாலு பேர உக்காரவெச்சிக்கினு தெனம் அந்தச் சரிவுல எறங்கினேன். ஒங்களுக்குத் தெரியும்தான அந்தச் சரிவு? நீங்கதான் எனக்குக் காட்டிக் குடுத்தீங்க."

  ராஜாங்கத்துக்கு வெட்கம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சுட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல இருந்தது. தலை தானாகக் குனிந்தது. குனிந்த தலையிலும் கண் மட்டும், பாழாய்ப்போன அந்தக் கண் மட்டும், அவள் கையிலிருந்த சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.