நிஜமாக அடிக்கச் சொன்ன சொர்ணம் அக்கா

செய்தி காலை பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டது. எங்கள் கப்பல் முகவர் அலுவலகத்தில் எல்லாச் செய்தியும் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். இதுவும் அப்படித்தான் வந்தது. மேலே, நிலக்கரிக் கப்பல் ஒன்று துறைக்கு வந்துகொண்டிருக்கிறது என்ற தகவல். கீழே, கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டியவர்களின் பட்டியல். நடுவில், சொர்ணம் அக்கா இறந்துவிட்டார் என்று ஒரு வரி. முதல் பதிலாக ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் போட்டார். கப்பல் வந்து சேர்ந்த செய்திக்கு அப்படிப் போடுவது எங்கள் வழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. உடனே அழித்தார். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டோம். அக்கா இருந்திருந்தால் அந்த மனிதரை ஒரு மாதத்துக்குச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் சொர்ணத்தாய். ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கும் மேசையில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தார். அவர் தயாரித்த பத்திரம் ஒன்று பிழைக்காகத் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. கணவர் தங்கராசு அண்ணாச்சி துறைமுகம் போகும் சாலையில் தார்ப்பாயும் கயிறும் விற்கிறார். வீடு மாப்பிள்ளையூரணியில். ஒரே மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறார். இவ்வளவும் அஞ்சலிக் கூட்டத்தில் மேலாளர் சொல்லிவிட்டார். அவர் சொல்லாமல் விட்டது, இந்த அம்மையார் பத்து வருடங்களாகச் சண்டை விளையாட்டு ஆடி வந்தார் என்பது. மேலாளருக்கு அது தெரியாது என்று அக்கா நம்பினார். அக்கா அப்படி நம்புகிறார் என்று மேலாளருக்குத் தெரியும்.

நான் அதைக் கண்டுபிடித்தது சுங்கத்துறை அலுவலகத்தின் காத்திருப்பு வரிசையில். அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அக்கா மடியில் கைப்பையை வைத்து, அதற்குள் இரண்டு கைகளையும் விட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். ரசீது எதையோ தொலைத்துவிட்டார் என்று எண்ணி எட்டிப் பார்த்தேன். பைக்குள் ஒரு சின்னத் திரை. அதில் மலை போன்ற மல்லன் ஒருவன் ஒரு ஒல்லியானவனைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் அறைந்துகொண்டிருந்தான்.

“என்னக்கா இது?”

“ஒண்ணுமில்லலே. அதிகாரி வரட்டும்னு ஒருத்தன அடிச்சிட்டிருக்கேன்.”

அக்காவின் மகன் டிவியில் மாட்டும் பெரிய வீடியோ கேம் பெட்டி வாங்கியதும், கையில் வைத்து ஆடும் பழைய கைக்கருவியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். பழைய சாமான்காரரிடம் போட எடுத்த அக்கா, ஓடுகிறதா என்று ஒருமுறை அமுக்கிப் பார்த்திருக்கிறார். ஓடியது. அன்று மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டதாகப் பின்னால் ஒப்புக்கொண்டார்.

நான் டிவிக் கட்சி. சண்டை விளையாட்டு என்றால் பெரிய திரை வேண்டும், இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்து உட்கார வேண்டும், எதிராளி பதறும்போது அவன் முழங்கை நம் விலாவில் குத்த வேண்டும் என்பது என் கொள்கை. கைக்கருவியில் ஆடுவது பஸ்ஸில் போகிறவர்களுக்கான பொழுதுபோக்கு என்று அக்காவிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. எங்கள் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்தபோது, என் டிவியில் ஆடச் சம்மதித்தார். என் உறவினர்கள் பதினைந்து பேர் சுற்றி நின்று பார்க்க, வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றார்.

“ஒன் டிவி சரியில்லலே. நான் அமுக்குனா அது விளாத்திகுளம் போயிட்டுத் திரும்பி வருது” என்றார்.

அது உண்மைதான். டிவி கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும். எனக்கு அது பழகியிருந்ததால் நான் அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அவர் கைக்கருவியை விடாததற்குக் காரணம் அது மட்டுமல்ல. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்: “எங்க வீட்டு டிவிக்கு ஒரு வரிசை இருக்கு. மொதல்ல மாமியார் சீரியல். அப்புறம் இவுக நியூஸ். மேட்ச் இருந்தா மேட்ச். பையன் ஊருக்கு வந்தா அவன் பெட்டி. என் மொற வாரதுக்குள்ள கரண்ட் போயிரும். இது பாத்தியா, என் கையளவுதான். இங்கன யாரும் என்னைத் தள்ளி உக்காருன்னு சொல்ல முடியாது.”

அந்த வாரமே நானும் பழைய கைக்கருவி ஒன்றை வாங்கினேன். இரண்டையும் கம்பி இல்லாமல் இணைத்து ஆடலாம். அதன் பிறகு தினமும் சாப்பாடு முடிந்து பதினைந்து நிமிடம், டிபன் பாக்ஸ்களைத் தள்ளி வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். அப்போதுதான் ஒன்று விளங்கியது. டிவி முன்னால் இருவரும் திரையைத்தான் பார்க்கிறோம். இங்கே எதிராளியின் முகம் முன்னால் இருக்கிறது. அக்கா திரையை விட என் முகத்தை அதிகம் பார்த்தார்.

“நீ பெரிய அடி அடிக்கதுக்கு முந்தி கீழுதட்டைக் கடிக்கே. சொல்லக் கூடாதுன்னு ஆறு மாசமா இருந்தேன்.”

“இப்ப ஏன் சொல்லுதிய?”

“போதும்னு தோணிச்சு. ரொம்பப் பாவமா இருந்தே.”

அவருடைய ஆள் எப்போதும் அந்த மல்லன்தான். மெதுவாக நடப்பான், அடி வாங்குவான், கிட்டத்தில் வந்துவிட்டால் எதிராளி தீர்ந்தான். அவனுடைய பெரிய பிடிக்கு, இடது கட்டைவிரலால் பொத்தானை ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டும். அந்த விரலில் அக்காவுக்குக் காய்ப்பே இருந்தது. மருமகள் அரிவாள்மனையில் படும் பாட்டால் வந்தது அது என்று மாமியார் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போகிற பஸ்ஸில், அக்காவின் பக்கத்தில் காளி வேடம் கட்டிய பக்தர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சடாமுடி, கிரீடம், நீட்டிய நாக்கு எல்லாம் உண்டு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “அக்கா, கீழ தடுங்க. அவன் கால்லதான் அடிக்கான்” என்றாராம். பிறகு சூலத்தை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு அவரும் ஒரு ஆட்டம் ஆடி, அக்கா அதுவரை தொடாத புள்ளிகளை எடுத்துவிட்டார். மறுநாள் அலுவலகத்தில் அக்கா சொன்னார்: “காளிட்ட தோத்ததுல என்னலே கேவலம்? ஒங்கிட்ட தோத்தாத்தான் வெளிய சொல்ல முடியாது.”

போன வருடம் அவருக்கு நோய் வந்தது. அதன் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதவில்லை. மருந்து ஏற்றிக்கொண்டு நடுவில் வேலைக்கும் வந்தார். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பையைத் திறக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டுக் கேட்டேன்.

“வெரல் நுனியெல்லாம் மரக்கட்டையாட்டம் இருக்குலே. மருந்து செய்யுத வேல. பொத்தான் எங்கன இருக்குன்னே தெரியல. மல்லன் சும்மா நிக்கான். நிக்க வச்சு அடி வாங்கவிட மனசு வரல.”

பத்து வருடங்களாக அவரை டிவிக்கு மாற்றப் பார்த்தவன் நான். வாதத்தில் இப்படி ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையூரணிக்குப் போனேன். கூடவே ஒரு பெரிய பலகை. அதில் உருண்டைக் குமிழ் வைத்த கைப்பிடி, உள்ளங்கையாலேயே தட்டக்கூடிய அகலமான பொத்தான்கள். விரல் நுனி தேவையில்லை. முழுக்கையால் ஆடலாம்.

அக்கா கைப்பிடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “என்னலே இது, ஆட்டுரல் குழவியாட்டம் இருக்கு” என்றார். பிறகு மாவாட்டுவது போலவே ஒரு சுற்றுச் சுற்றினார். மல்லன் என் ஆளைத் தூக்கி அறைந்தான்.

மாமியார் சீரியலை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தார். அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார். அந்த வீட்டு டிவி முழுக்க அக்காவுடையதாக இருந்தது. அன்று அவர் ஜெயித்தார். அடுத்த ஞாயிறும் ஜெயித்தார். மூன்றாவது ஞாயிறு, ஐந்தாம் ஆட்டத்தில் ஜெயித்ததும் பலகையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

“வேணும்னே தோக்கியாலே?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. ஒன் மூஞ்சி தெரியலன்னா எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதோ? மூணு வாரமா ஒன் முழங்கை என் மேல ஒரு தடவ இடிக்கல. இடிக்கும், இடிக்கும்னு பத்து வருசமா சொன்னேல்லா?”

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

“எல்லாரும் விட்டுத்தான் குடுக்காவ. அத்த சீரியலை விட்டுக் குடுக்காவ. இவுக பேப்பரை விட்டுக் குடுக்காவ. டாக்டர்கூட, நல்லாருக்கியம்மான்னு விட்டுத்தான் குடுக்காரு. ஒருத்தனாவது நெசமா அடிங்கலே. அப்பத்தான் நான் இன்னும் இருக்கேன்னு எனக்குத் தெரியும்.”

நான்காவது ஞாயிறு நிஜமாக அடித்தேன். முதல் ஆட்டத்தில் மல்லனைச் சுவரோரம் தள்ளி, எழவிடாமல் அடித்தேன். இரண்டாவதும் அப்படியே. அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, அடுப்படியிலிருந்து மாமியார் ஒருமுறை எட்டிப் பார்த்து, “நோயாளிப் பிள்ளைய இப்படியா அடிப்பாவ?” என்று கேட்டது காதில் விழுந்தது. “நீங்க போங்கத்த, சண்ட நடக்கு” என்றார் அக்கா. நான்காம் ஆட்டத்தில் என் அடிகளுக்கு நடுவே ஒரு நூலிழை இடைவெளி கிடைத்தது. கைப்பிடி ஒரு முழுச்சுற்றுச் சுற்றியது. என் ஆள் ஆகாயத்தில் இருந்தான்.

“இது நெசந்தானலே?”

“நெசந்தானக்கா.”

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார், பிழையில்லாத பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர் போல. கடைசி ஆட்டத்தில் மீண்டும் நான்தான் ஜெயித்தேன், அதுவும் மிக மோசமாக. அடுத்த ஞாயிறு அவர் மருத்துவமனையில் இருந்தார். அதற்கடுத்த ஞாயிறு அவருக்கு வரவில்லை.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி அவர் குரல் கட்டியிருந்தது. என்னிடம் ஒன்று கேட்டார்.

“தம்பி, அந்தக் கடைசி ஞாயித்துக்கெழம ஆடுனியள்லா. அதுல யாரு ஜெயிச்சது?”

“ஒரு ஆட்டம் அக்கா ஜெயிச்சாங்க அண்ணாச்சி. மத்ததெல்லாம் நான்.”

“நல்லா அடிச்சியளா?”

“நல்லாவே அடிச்சேன். எந்திரிக்கவே விடல.”

அவர் மெல்லத் தலையாட்டினார். “அதான் பாத்தேன். ரெண்டு மாசமா கஞ்சிகூட எறங்காம இருந்தவ, நீங்க போனதும் ரெண்டு தோசை கேட்டுத் தின்னா.”

சொர்ணம் அக்கா, அந்த முதல் மூன்று ஞாயிறுகளுக்காக என்னை மன்னித்துவிடுங்கள். நான்காவதைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. போய் வாருங்கள்.