தேதியை முன்னே இழுத்தவள்

ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவளை எல்லோரும் 'தட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளின் சீழிலும் சளியிலும் சிறுநீரிலும் இருக்கும் கிருமிகள் அவள் தட்டுகளில்தான் முளைத்து வரும். அதன்மேல் மருந்து தோய்த்த பொட்டளவு காகிதங்களை வைப்பாள். கிருமி செத்தால் காகிதத்தைச் சுற்றி வட்டமாக வெறுமை தெரியும். சாகாவிட்டால் காகிதத்தை ஒட்டியே வழவழவென்று படர்ந்து கிடக்கும். குடலைப் பிடுங்கும் அந்த நாற்றம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பழகிப்போனது அது மட்டுமல்ல.

படுக்கையில் சேர்ந்து இரண்டு நாளுக்குள் கிருமி தெரிந்தால் பதிவேட்டில் 'வெளி' என்று எழுத வேண்டும். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதற்குப் பிறகு தெரிந்தால் 'உள்'. ஆஸ்பத்திரியே கொடுத்த அன்பளிப்பு. 'உள்' கூடினால் தரச்சான்றிதழ் கிடைக்காது. ஒரு கட்டில்காரனின் புண்ணைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போகிற பெரிய டாக்டருக்குச் சான்றிதழ் மட்டும் பளிச்சென்று இருக்க வேண்டும்.

"தேதியைக் கொஞ்சம் முன்னாடி இழுத்துடும்மா. யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார்.

அவளும் இழுப்பாள். ஒன்பதாம் நாள் சீழ் இரண்டாம் நாள் சீழாகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் நாலு வருஷமாகத் தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுவருக்கு வண்ணமடிக்கும் அவளுடைய அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். "எங்க ஆஸ்பத்திரிக்கே வந்துடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னவளும் அவள்தான். கம்பி வைத்துத் தைத்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது, கட்டைப் பிரித்தால் பச்சையாகச் சீழ். சின்ன டாக்டர் உடனே ஊசி மருந்தை ஆரம்பித்தார்.

மூன்று நாள் கழித்து அண்ணனின் தட்டைத் திறந்தாள். ஆறு காகிதங்கள். ஐந்தைச் சுற்றி ஒரு வட்டமும் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வார்டுக்கு ஓடினாள்.

"எந்த மருந்து போட்டீங்க? இந்தக் கிருமி ஒரே ஒரு மருந்தைத் தவிர எதுக்கும் கேக்காது சார்!"

சின்ன டாக்டர் சுவரைக் காட்டினார். "இந்த வார்டுல பத்துல ஒன்பது பேருக்கு இந்த மருந்து கேக்கும்னு பட்டியல் சொல்லுதேக்கா. அதைப் பார்த்துத்தானே போட்டேன்?"

பட்டியல் சுவரில் தொங்கியது. வருஷா வருஷம் பதிவேட்டைப் பார்த்து, 'வெளி'க்கு ஒன்றும் 'உள்'ளுக்கு ஒன்றுமாக அவளே தயாரிப்பது. அடியில் அவள் கையெழுத்து. அடங்காத கிருமிகளையெல்லாம் வெளிக்குத் தள்ளிவிட்ட பிறகு வார்டு சுத்தமாகத்தானே தெரியும்? வெளிக் கிருமிதான் கொடியது என்று பட்டியல் சொன்னதால், வெளியிலிருந்து வரும் சாதாரணக் காய்ச்சல்காரனுக்குப் பெரிய மருந்து. உள்ளேயே கொழுத்த கிருமிக்குச் சின்ன மருந்து. வீணாகக் கொடுத்த பெரிய மருந்துக்கும் சாகாமல் கிருமி பழகிக்கொண்டிருந்தது. இவள் எழுதி வைத்த லட்சணம் அது.

வார்டின் கைகழுவும் தொட்டியில் குனிந்து வாந்தியெடுத்தாள். தட்டின் நாற்றத்துக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாளும் குமட்டியதில்லை. தன்னை நினைத்துத்தான் குமட்டியது.

அண்ணனின் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த பெரிய டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம வீட்டு ஆள்தானே. 'வெளி'ன்னே போட்டுடேன்."

"ச்சீ!" என்றாள். அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். 'உள்' என்று அழுத்தி எழுதினாள். மிச்சமிருந்த அந்த ஒரே மருந்தை அன்றே ஏற்றினார்கள். ஆனால் சீழ் எலும்பைத் தின்று ரத்தத்தில் ஏறியிருந்தது. உயிர் வேண்டுமானால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

வராந்தாவில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். தட்டக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். கிருமி ஏணியிலிருந்து வந்ததல்ல, இந்த வார்டில் வந்தது என்பதையும் சொன்னாள்.

அண்ணி அழவில்லை. "இங்க இப்படி ஒண்ணு இருக்குன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"நாலு வருஷமா தெரியும் அண்ணி."

அண்ணி தன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, எதிர் வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.